உம்மாவுக்கு ஓர் அட்டை இல்லை

"இதுவும் ஒரு சித்திரமா?"

கடந்த தவணையில் எமது கல்லூரியில் நடைபெற்ற சித்திரக் கண்காட்சியில், நான் தொங்கவிட்டிருந்த பத்துத் தாள்களுக்கு முன்னால் நின்று ஒரு தோழி கேட்ட கேள்வி இது. அவள் கேட்டதில் பிழை இல்லை. எனக்கு வலப்பக்கத்தில் ஒருத்தி கடற்கரையையும் தோணிகளையும் நீர்வர்ணத்தில் அழகாகத் தீட்டியிருந்தாள். இடப்பக்கத்தில் இன்னொருத்தி அரபு எழுத்தணியில் பிஸ்மியைத் தங்க நிறத்தில் எழுதியிருந்தாள். என்னுடைய தாள்களில் இருந்தவை வெறும் கட்டங்கள். சில கறுப்பு, சில வெள்ளை, சிலவற்றில் ஒரு புள்ளி, சிலவற்றில் ஒரு சிவப்புக் கோடு. ஒவ்வொரு தாளின் அடியிலும் "உம்மா" என்று ஒரே ஒரு சொல்.

அன்று நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். கண்காட்சி மண்டபத்தின் சத்தத்துக்குள் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆற அமர யோசித்து எழுதும் பதில்தான் இக்கட்டுரை.

எனது கட்டங்களுக்குக் காரணமானவர் தெச்சிங் ஷியே என்ற கலைஞர். 1950 ஆம் ஆண்டு தாய்வானில் பிறந்தவர். கப்பலில் மாலுமியாக வேலை செய்து, 1974 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு அருகே கப்பலை விட்டு இறங்கி நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். கையில் முறையான ஆவணங்கள் இல்லை. உணவகங்களில் கோப்பை கழுவியும் துப்புரவு வேலை செய்தும் வாழ்ந்தார். 1988 இல் பொது மன்னிப்புக் கிடைக்கும் வரை, பதினான்கு வருடங்கள், சட்டத்தின் பார்வையில் அவர் அந்த நாட்டில் இல்லாத ஒரு மனிதர்.

அந்த மனிதர் 1978 முதல் 1986 வரை ஐந்து ஆற்றுகைகளைச் செய்தார். ஒவ்வொன்றும் ஒரு முழு வருடம். ஒவ்வொன்றையும் தொடங்கும் முன்னர் தனது விதியைத் தட்டச்சில் எழுதிக் கையொப்பமிடுவார். பிறகு அந்த விதியின்படி ஒரு வருடம் வாழ்வார். அவ்வளவுதான் அவருடைய கலை. முதலாவது வருடம் தானே அமைத்த ஒரு கூண்டுக்குள் இருந்தார். பேசுவதில்லை, வாசிப்பதில்லை, எழுதுவதில்லை, வானொலி கேட்பதில்லை, தொலைக்காட்சி பார்ப்பதில்லை என்பது விதி. 1981 இல் தொடங்கிய மற்றொரு வருடத்தில் கூரை உள்ள எந்த இடத்துக்குள்ளும் நுழைவதில்லை என்று நியூயோர்க் வீதிகளிலேயே குளிர்காலத்தையும் கழித்தார். 1983 இல் லிண்டா மொன்டானோ என்ற பெண் கலைஞருடன் எட்டு அடி நீளக் கயிற்றால் இடுப்பில் பிணைக்கப்பட்டு, ஒருவரை ஒருவர் தொடுவதில்லை என்ற விதியுடன் ஒரு வருடம் இருந்தார். இதில் நாம் ஏற்கக் கூடியதும் உண்டு, ஏற்க முடியாததும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய இரண்டாவது வருடம். 1980 ஏப்ரல் 11 ஆம் திகதி தொடங்கி 1981 ஏப்ரல் 11 ஆம் திகதி முடிந்தது. தொழிற்சாலைகளில் வேலையாட்கள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் அட்டையில் குத்திப் பதியும் மணிக்கூடு ஒன்றைத் தனது அறையில் பொருத்தினார். ஒவ்வொரு மணித்தியாலமும், மணி அடிக்கும்போது, அந்த மணிக்கூட்டில் தன் அட்டையைப் பதிய வேண்டும் என்பதே விதி. பகலிலும் இரவிலுமாக நாளொன்றுக்கு 24 தடவைகள். ஒவ்வொரு தடவையும் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் தொழிலாளியின் சீருடையுடன் நின்று ஒரே ஒரு படம் எடுக்கப்படும். வருடத்தின் தொடக்கத்தில் தலையை மொட்டையடித்துக் கொண்டார். அந்தப் படங்களை எல்லாம் தொடுத்த படச்சுருள் ஆறு நிமிடமளவில் ஓடி முடிகிறது.

எங்கள் சித்திர ஆசிரியை தனது மடிக்கணினியில் அதைக் காட்டியபோது முதலில் வகுப்பே சிரித்தது. முடி மளமளவென்று வளர்கிறது, மணிக்கூட்டு முள் பேய் பிடித்தாற்போலச் சுற்றுகிறது, மனிதர் அதே இடத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார். மூன்று நிமிடம் போக ஒருவரும் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் ஆசிரியை சில எண்களைக் கரும்பலகையில் எழுதினார். வருடத்துக்கு 8,760 மணித்தியாலங்கள். அவர் தவறவிட்டவை 133. அவற்றில் 94 தடவை தூங்கிப்போனார். 29 தடவை பிந்திவிட்டார். 10 தடவை முந்திவிட்டார்.

"மற்ற எல்லாவற்றையும் விட இந்த 133 ஐ நீங்கள் யோசிக்க வேண்டும்" என்றார் ஆசிரியை. "அவர் அறையில் தனியாகத்தானே இருந்தார். மறைக்க நினைத்திருந்தால் ஏதாவது வழி பார்த்திருக்கலாம். தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்."

அன்றிரவு உம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த உம்மா, "விட்டதுக்குக் கழா இல்லையா மகள்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். ஆனால் உம்மாவின் கேள்வி ஆழமானது. தவறிய தொழுகையைக் கழாச் செய்ய அல்லாஹ் எமக்கு வழி வைத்திருக்கிறான். அந்தக் கலைஞரின் மணித்தியாலத்துக்குக் கழா இல்லை. போனது போனதுதான், அதை ஒப்புக்கொண்டு எழுதி வைக்கலாம், அவ்வளவே.

அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் உம்மா நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குப் படுக்கைக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

உழைப்பவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு பதிவு இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண் உள்ளே நுழையும் நேரமும் வெளியேறும் நேரமும் பதியப்படுகின்றன. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்றைய நாளுக்கு "பேர்" விழுகிறது. கொழுந்து குறைந்தால் "அரைப்பேர்" என்று குறைத்தாவது எழுதுகிறார்கள். அது அநியாயமான கணக்காக இருக்கலாம். ஆனாலும் ஒரு கணக்கு. உம்மாவுக்கு ஓர் அட்டை இல்லை. வரும் நேரமும் இல்லை, போகும் நேரமும் இல்லை. ஓர் ஆவணமும் இல்லாமல் பதினான்கு வருடம் வாழ்ந்த ஒருவர்தான் இப்படித் தனக்குத் தானே அட்டை அடித்துக்கொள்ள நினைத்தார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

உயர்தரச் சித்திரப் பாடத்துக்கு நாங்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆக்கம் செய்ய வேண்டியிருந்தது. உம்மாவைச் செய்வது என்று தீர்மானித்தேன். ஆனால் உம்மாவை வரைய முடியாது. உருவம் வரைவதில் எங்கள் வீட்டில் பேணுதல் உண்டு. அத்தோடு உம்மாவுக்குப் புகைப்படம் எடுப்பதே பிடிக்காது. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத் தவிர அண்மையில் எடுத்த ஒரு படமும் எங்களிடம் இல்லை. முகம் இல்லாமல் ஒருவரை எப்படி வரைவது? அப்போதுதான் ஷியேயின் அட்டைகள் கைகொடுத்தன. அவரது படச்சுருளில் முகம் இருக்கிறது. அவரது அட்டைகளில் நேரம் மட்டுமே இருக்கிறது. அந்த அட்டைகளைப் பார்த்தாலும் ஒரு மனிதர் தெரிகிறார்.

றமழான் விடுமுறைக்குப் பாடசாலை மூடப்பட்டது. நான் ஒரு கொப்பித் தாளில் எனது விதியை எழுதினேன்:

நோன்பு மாதம் முழுவதும், அதிகாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை, ஒவ்வொரு மணித்தியாலமும் மணி அடிக்கும்போது உம்மாவைப் பார்ப்பேன். உம்மா நின்றால் கட்டத்தைக் கறுப்பாக்குவேன். இருந்தால் அல்லது படுத்திருந்தால் வெள்ளையாக விடுவேன். தொழுகையில் இருந்தால் ஒரு புள்ளி. நான் பார்க்கத் தவறினால் ஒரு சிவப்புக் கோடு.

நாளொன்றுக்கு 19 கட்டங்கள். இரவில் அட்டை அடிக்க எழும்பும் ஷியேயை நான் பின்பற்றவில்லை. நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நமது மார்க்கம் கற்றுத்தந்த விடயம். ஒரு வருடம் முழுவதும் தூக்கத்தை மணித்தியாலத் துண்டுகளாக வெட்டுவதையும், கூண்டுக்குள் தன்னைப் பூட்டுவதையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு கலைஞரிடம் கற்றுக்கொள்ள அவர் செய்தது எல்லாவற்றையும் நாமும் செய்யத் தேவையில்லை.

பத்து நோன்பு வரை இந்த விதியைக் கடைப்பிடித்தேன். 190 கட்டங்கள். கறுப்பு 108. புள்ளி 27. வெள்ளை 38. சிவப்பு 17.

வெள்ளைக் கட்டங்களைப் பார்த்து முதலில் மகிழ்ச்சி அடைந்தேன். உம்மாவுக்கு ஓய்வும் இருக்கிறதே என்று. கொப்பியில் குறித்து வைத்திருந்ததைத் திரும்ப வாசித்தபோதுதான் விளங்கியது. அந்த 38 இல் 26 தூக்கம். மிகுதி 12 இல் உம்மா இருந்தார்தான். ஆனால் கை இருக்கவில்லை. வெங்காயம் உரித்தார், கட்லட் உருட்டினார், தம்பியின் சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்தார், கஞ்சிக்குத் தேங்காய் துருவினார். வெறும் கையோடு உம்மா இருந்த கட்டங்கள் பத்து நாளில் மூன்று. "இருத்தல்" என்பதும் "ஓய்வு" என்பதும் ஒன்றல்ல என்று என் விதியை எழுதியபோது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பதினேழு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் தெரியாததைப் பத்து நாள் கட்டம் போட்டதில் தெரிந்துகொண்டேன். கலை எமக்கு எதைத் தருகிறது என்று கேட்பவர்களுக்கு இது எனது முதலாவது பதில்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்கவும் மாட்டேன்.

பத்தாம் நோன்பு அன்று பின்னேரம் ஐந்து மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. உம்மா கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். "மகள், இந்தக் கரையக் கொஞ்சம் புடி" என்றார். நான் கொப்பியையும் பேனையையும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். "கொஞ்சம் பொறுங்க உம்மா, அஞ்சு மணியாகப் போகுது" என்றேன்.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. சீலைத் துண்டு இரண்டை எடுத்துப் பிடித்துத் தனியாகவே பானையை இறக்கி வைத்தார். மணி ஐந்தானது. நான் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

அன்று நோன்பு திறந்த பிறகு அந்தக் கஞ்சியை என்னால் குடிக்க முடியவில்லை. நோன்போடு நிற்கும் ஒரு பெண்ணை, நோன்போடு இருக்கும் அவருடைய மகள், கதவில் சாய்ந்துகொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். எண்ணுவதற்காக உதவாமல் இருக்கிறாள். அந்தக் கறுப்புக் கட்டம் உம்மாவின் உழைப்பைக் காட்டுகிறதா, எனது வெட்கத்தைக் காட்டுகிறதா?

தராவீஹ் முடிந்து வந்து ஷியேயைப் பற்றி மறுபடியும் யோசித்தேன். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெளிவாயிற்று. அவர் எழுதிய விதி அவர்மீதே விழுந்தது. கூண்டில் இருந்தவர் அவர். தூக்கத்தை இழந்தவர் அவர். பனியில் நின்றவர் அவர். இன்னொருவரைச் சேர்த்துக்கொண்ட ஒரே வருடத்தில், கயிற்றின் இரண்டு முனையிலும் சம்மதித்துக் கையொப்பமிட்ட இருவர் இருந்தார்கள். அந்தக் கயிறு இருவரையும் ஒரே அளவுக்குக் கட்டியது. என்னுடைய விதியில் வேலை செய்தவர் உம்மா, களைத்தவர் உம்மா, பெயர் எடுக்கப் போகிறவள் நான். உம்மா எதிலும் கையொப்பமிடவில்லை. நான் அவரைக் கேட்கவும் இல்லை.

ஆகவே எனது கருத்தை ஒரே வசனத்தில் சொல்வதானால்: கலைக்காக ஒரு விதியை உருவாக்குபவர், அந்த விதியின் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும். பாரம் இன்னொருவர் தலையிலும் புகழ் எமது தலையிலும் இருந்தால் அது வெறும் வேடிக்கை பார்த்தல். வறுமையைப் படம் பிடித்துப் பரிசு வாங்குபவர்களுக்கும், வயதானவர்களின் கைச்சுருக்கத்தை வரைந்து பாராட்டுப் பெறுபவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். படம் நல்ல படமாக இருக்கலாம். எடுத்தவர் என்ன கொடுத்தார் என்ற கேள்வி அதற்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும்.

பதினோராம் நோன்பு சஹருக்கு எழும்பியதும் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பத்துத் தாள்களையும் காட்டினேன். உம்மா நீண்ட நேரம் பார்த்தார். "கறுப்பெல்லாம் நான் நிக்கிறதா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "அப்ப இந்தச் செவப்பு?" "அது நான் பார்க்காம விட்டது." உம்மா சிரித்தார். "அந்த நேரமும் நான் நிண்டுதான் இருந்திருப்பன்" என்றார்.

தாள்களைக் கிழித்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதன் பிறகு அவருடைய சம்மதத்துடன் புதிய விதி ஒன்றை எழுதினேன்:

இனி ஒவ்வொரு மணித்தியாலமும் உம்மாவின் கையில் என்ன வேலை இருக்கிறதோ அதை நான் வாங்கிச் செய்து முடிப்பேன். அதுவரை உம்மா விரும்பினால் இருக்கலாம். தவறினால் காரணத்தை எழுதுவேன்.

மிகுதி இருபது நோன்புக்கும் 380 கட்டங்கள். அவற்றில் 97 இல் உம்மா தொழுகையிலோ ஓதலிலோ தூக்கத்திலோ இருந்தார். வாங்குவதற்கு வேலை இருக்கவில்லை. 174 தடவை வேலையை வாங்கிச் செய்தேன். 109 தடவை தவறவிட்டேன். அதில் 52 தடவை நான் தூங்கிப்போனேன். 21 தடவை கைத்தொலைபேசியிலும் கதைப் புத்தகத்திலும் மூழ்கிப் பிந்திவிட்டேன். மிகுதி 36 தடவை உம்மா வேலையைத் தர மறுத்துவிட்டார்.

ஒரு வருடம் முழுவதும் இரவு பகலாக நடந்தவர் தவறவிட்டது 133. வெறும் இருபது நாளில், அதுவும் இரவில் தூங்கிக்கொண்டு, நான் தவறவிட்டது 109. கரும்பலகையில் அந்த எண்ணைப் பார்த்தபோது "இவ்வளவு பிழையா" என்று நினைத்தவள் நான். இப்போது "இவ்வளவுதானா" என்று வியக்கிறேன். ஒரு விதியைச் செய்து பார்க்கும் வரைக்கும் அதன் எடை கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த 36 மறுப்புகள் எனக்குப் பெரிய பாடம். "உனக்குப் புளி கரைக்கத் தெரியாது", "நீ போய்ப் படி", "இதுல என்ன கிடக்கு, நான் செய்யிறன்" என்றெல்லாம் சொல்லுவார். கதிரையில் இருத்தினால் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டார்; எழும்பி வந்து நான் வைத்த கரண்டியை இடம் மாற்றி வைப்பார். ஓய்வெடுப்பதற்கும் பழக்கம் தேவை என்பதை அதில் கண்டேன். அந்தப் பழக்கம் வர விடாமல் செய்தவர்களில் நாங்களும் இருக்கிறோம். கடைசிப் பத்தில் ஒரு நாள் தம்பி தனக்கும் ஒரு தாள் கீறித் தரும்படி கேட்டான். மூன்று நாள்தான் செய்தான். ஆனால் அவன் கஞ்சிக் கோப்பைகளைக் கழுவியதை வாப்பா பார்த்தார். மறுநாள் வாப்பா சொல்லாமலே தன் கோப்பையைக் கழுவி வைத்தார். அதற்கு என்னிடம் கட்டம் இருக்கவில்லை. எழுதாமல் விட்டுவிட்டேன்.

இனி, என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

"உம்மாவுக்கு உதவுவது கடமை. அதற்கு எதற்குக் கலை?" என்று என் ராத்தா கேட்டார். கடமை என்பது எனக்கும் சிறு வயதிலிருந்தே தெரியும். பேச்சுப் போட்டியில் அதைப் பற்றிப் பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேச்சை மனப்பாடம் செய்த நாளிலும் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தவர் உம்மாதான். தெரிந்த கடமைக்கும் செய்யும் கடமைக்கும் இடையில் மனநிலை என்ற ஒன்று நிற்கிறது. இன்று மனம் வந்தால் செய்வோம், நாளை வராது. மணிக்கூடு மனநிலையைக் கேட்பதில்லை. அதனால்தான் விதி எனக்கு உதவியது. ஐவேளைத் தொழுகையை நேரத்தோடு கட்டி வளர்க்கப்பட்ட எமக்கு இது புதிய விடயமும் அல்ல. தொழுகை இபாதத், எனது கட்டங்கள் வெறும் சித்திரப் பாடம். இரண்டையும் நான் ஒப்பிடவில்லை. நேரம் ஒரு மனிதரைச் செதுக்கும் என்பதை எங்கே முதலில் கற்றேன் என்றுதான் சொல்கிறேன்.

"உதவியதைக் காட்சிக்கு வைப்பது முகஸ்துதி இல்லையா?" என்று கேட்டவர் எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியை. என்னை மிகவும் தடுமாற வைத்த கேள்வி இதுதான். பல நாள் யோசித்தேன். ஷியேயின் பிற்கால வாழ்க்கையில் எனக்கு ஒரு விடை கிடைத்தது. 1986 இன் கடைசி நாளிலிருந்து 1999 இன் கடைசி நாள் வரை, பதின்மூன்று வருடங்கள், கலை செய்வேன் ஆனால் யாருக்கும் காட்டமாட்டேன் என்று அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். காட்டாமல் விடுவதும் கலைஞரின் தீர்மானங்களில் ஒன்றாக இருக்கலாம் என்பதை அதில் கண்டேன். எனவே முதல் பத்து நோன்பின் தாள்களை, உம்மாவின் அனுமதியோடு, சுவரில் தொங்கவிட்டேன். அவை என் உம்மாவைக் காட்டுகின்றன. மிகுதி இருபது தாள்களில் நான் செய்த 174 ஐ யாருக்கும் காட்டவில்லை. தவறவிட்ட 109 ஐயும் அவற்றின் காரணங்களையும் மட்டும் ஒரு தனித்தாளில் எழுதி ஓரத்தில் வைத்தேன். என் தோழி அதை வாசிக்காமல் போய்விட்டாள். வாசித்திருந்தால் ஒருவேளை கேள்வியை மாற்றியிருப்பாள்.

இந்த எண்ணை இப்போது இங்கே எழுதிவிட்டாயே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். கணக்குச் சொல்லும்போது ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும் என்று பயந்து எழுதினேன். என் நிய்யத்தை அல்லாஹ் அறிவான்.

கடைசியாக, "இதுவும் ஒரு சித்திரமா?"

கலை என்றால் கட்டுப்பாடு இல்லாத சுதந்திரம் என்று நாம் நினைக்கப் பழகிவிட்டோம். ஆனால் எனது தாளுக்குப் பக்கத்தில் தொங்கிய பிஸ்மியைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, நாணல் பேனையின் முனையால் வைக்கும் ஒரு சாய்சதுரப் புள்ளியை அளவாகக் கொண்டு அரபு எழுத்துகளுக்கு விதி வகுத்தார். அலிஃபின் உயரத்தை அந்தப் புள்ளிகளால் எண்ணுவார்கள். மற்ற எழுத்துகளின் வளைவுகளை அந்த அலிஃபால் அளப்பார்கள். பிஸ்மி எழுதிய தோழியும் புள்ளி எண்ணித்தான் எழுதினாள். பள்ளிவாசல் சுவர்களில் நாம் பார்க்கும் நட்சத்திர வடிவங்கள் கவராயமும் அடிமட்டமும் வைத்து விதிப்படி வரையப்பட்டவை. வெண்பா எழுதுபவர் சீர் எண்ணுகிறார். விதியிலிருந்து அழகு பிறக்கும் என்பது எங்கள் மரபுக்குத் தெரியாத செய்தியா? ஷியே அந்த விதியைத் தாளில் இருந்து எடுத்து ஒரு வருட வாழ்க்கைக்குப் போட்டார். நான் அதை எங்கள் குசினிக்குக் கொண்டு வந்தேன்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் உம்மா வந்தார். அபாயாவின் கையை மடித்துவிட்டுப் பத்துத் தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன்னை யாரென்று எவருக்கும் தெரியாது என்பதில் அவருக்கு நிம்மதி. பத்தாவது தாளில் ஐந்து மணிக் கட்டத்தில் விரலை வைத்து, "இது அந்தக் கஞ்சிப் பானை" என்றார். அத்தனை கறுப்புக்குள்ளும் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சூடுதான், ஆனா விழுத்தல்ல" என்றார். எங்களுக்குக் கதிரை கொண்டுவந்து தந்த மாணவியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

சகோதரிகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விடயம் ஒன்றல்ல. ஒரு விதியை எழுதுங்கள். உங்களால் தாங்கக்கூடிய சிறிய விதி. ஒரு வாரம் போதும். அது உங்கள்மீதே விழட்டும். இன்னொருவர் அதில் வருவதாக இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். தவறவிட்டதைச் சிவப்பால் எழுதுங்கள், காரணத்தோடு. முடிவில் அந்தத் தாளைச் சுவரில் தொங்கவிடுவதா, அலுமாரிக்குள் வைப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

என்னுடைய இருபது தாள்களும் அலுமாரிக்குள்தான் இருக்கின்றன. நோன்பு முடிந்து பல மாதங்களாகிவிட்டன. இப்போது கட்டம் போடுவதில்லை; மணி அடித்தால் மட்டும் தலை தானாகவே குசினிப் பக்கம் திரும்புகிறது. திரும்பிய பிறகு சில நாள் எழும்பிப் போகிறேன். சில நாள் போவதில்லை. போகாத நாட்களை எழுதி வைக்க இப்போது ஒரு தாளும் இல்லை என்பதுதான் எனக்குள்ள கவலை.